பழைய கைரோபிராக்டிக் மேசைக்கு ஒரு விற்பனைச் சீட்டு

"கிளினிக் சாமான்கள் முழுவதும், 18,000 டாலர், உள்ளது உள்ளபடி." அமெரிக்காவில் ஒரு கைரோபிராக்டர் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சரிசெய்யும் சிகிச்சையாளர்) தம் கிளினிக்கை மூடும்போது வாங்குபவர் கைக்கு வரும் சீட்டில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். அடியில் ஒரு தேதி, இரண்டு கையெழுத்து. இது செல்லாத சீட்டு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எட்டு மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒரு வங்கியிலிருந்து கடிதம் வரும். அல்லது எக்ஸ்ரே ஆய்வாளர் வந்து நிற்பார். அல்லது கணக்காளர், "இதில் மேசைக்கு எவ்வளவு, எக்ஸ்ரேக்கு எவ்வளவு?" என்று கேட்பார். அந்த ஒற்றை வரியில் இவற்றுக்கெல்லாம் விடை இருக்காது.

முதலில் ஒரு பழக்கத்தை மறந்துவிடுங்கள். நம் ஊர்க் கிரயப் பத்திரம் போல இதற்கு முத்திரைத்தாள் கிடையாது, பதிவு அலுவலகமும் கிடையாது. நோட்டரி வைத்தால் நல்லது. கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான் என்று மட்டும் அவர் சாட்சி சொல்வார், உள்ளே எழுதியிருப்பது சரியா என்று பார்க்க மாட்டார். லூயிசியானா தவிர மற்ற மாநிலங்கள் சீரான வணிகச் சட்டத்தின் (யூசிசி) 2-ஆம் பகுதியை ஏற்றுக்கொண்டவை. அதன்படி 500 டாலரோ அதற்கு மேலோ விலையுள்ள பொருளை விற்க எழுத்து வேண்டும்; யார் மீது வழக்குப் போடுகிறோமோ அவருடைய கையெழுத்து அதில் இருக்க வேண்டும். யார் மீது போட நேரும் என்று முன்கூட்டியே தெரியாது என்பதால் இருவரும் கையெழுத்திடுவதே வழக்கம். மின்கையொப்பமும் செல்லும்.

விற்பவர் யார்?

கேள்வி சுலபமாகத் தெரியும். சீட்டுகளில் அதிகம் தப்பாகும் இடம் இதுதான். வாசல் பலகையில் இருப்பது வியாபாரப் பெயர். மேசையை வாங்கிய பில்லில் டாக்டரின் சொந்தப் பெயர் இருக்கலாம். தேய்மானம் எழுதியது அவருடைய தொழில்முறை நிறுவனத்தின் கணக்கில் இருக்கலாம். இன்னும் சிலர் சாமான்களுக்கென்றே தனியாக ஒரு எல்எல்சி (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) வைத்து, அதிலிருந்து கிளினிக்குக்கு வாடகைக்கு விட்டிருப்பார்கள். உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் விற்க முடியும். அது நிறுவனமென்றால் மாநிலப் பதிவேட்டில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதி, கையெழுத்தின் கீழ் "மேலாளர்" அல்லது "தலைவர்" என்று பதவியைக் குறிக்க வேண்டும். பதவியைப் போடாமல் வெறும் கையெழுத்து இட்டால், உத்தரவாதம் கொடுத்தது தனிமனிதரா நிறுவனமா என்று பின்னால் இழுபறி வரும். டாக்டர் இறந்து குடும்பத்தார் விற்கிறார்கள் என்றால், நீதிமன்றம் நிர்வாகியை நியமித்த ஆவணத்தின் நகல் சீட்டோடு இருக்க வேண்டும். மனைவி என்பதால் மட்டும் ஒருவரால் கிளினிக் சாமானை விற்றுவிட முடியாது.

வில்லங்கம் பார்ப்பது

வீடு வாங்கும்முன் வில்லங்கச் சான்று எடுக்கும் நாம், 6,000 டாலர் மேசைக்கும் அதே மாதிரி ஒரு தேடல் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். வண்டிக்கு ஆர்.சி. புத்தகத்தில் ஹைப்பாதிக்கேஷன் குறிப்பு இருக்கும். மேசைக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. கடன் கொடுத்தவர் மாநிலச் செயலர் அலுவலகத்தில் யூசிசி-1 என்ற அறிவிப்பைப் பதிந்துவைப்பார். பொருள் கைமாறினாலும், கடன் கொடுத்தவர் விற்பனைக்குச் சம்மதிக்காதவரை, வில்லங்கம் பொருளோடு கூடவே போகும். வாங்கியவர் முழு விலையையும் கொடுத்திருந்தாலும் வங்கி வந்து மேசையைக் கேட்கலாம்.

வியாபாரியிடமிருந்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்ற நம்பிக்கையும் தப்பு. வழக்கமான வியாபாரத்தில் வாங்குபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அவருக்கு விற்றவர் உண்டாக்கிய வில்லங்கத்துக்கு மட்டும்தான். கிளினிக் வைத்த வில்லங்கத்தோடு பழைய சாமான் வியாபாரி மேசையை எடுத்து உங்களுக்கு விற்றால், அது அவர் உண்டாக்கியது அல்ல, அதனால் கழியாது. வியாபாரியிடம் வாங்கினாலும் அவருக்கு முன் யார் வைத்திருந்தார் என்று கேட்டு, அந்தப் பெயரிலும் தேடுங்கள்.

தேடும்போது மூன்று விஷயங்கள். ஒன்று, வியாபாரப் பெயரில் தேடினால் பெரும்பாலும் எதுவும் வராது. பதிவேட்டுப் பெயரில்தான் தேட வேண்டும். இரண்டு, கிளினிக் இருக்கும் மாநிலத்தில் அல்ல, நிறுவனம் எந்த மாநிலத்தில் பதிவானதோ அங்கே தேட வேண்டும். விற்பவர் தனிமனிதரென்றால் அவர் குடியிருக்கும் மாநிலம். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: மத்திய வருமான வரித்துறையின் பாக்கி வில்லங்கம் வேறு விதிப்படி பதிவாகிறது. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த மாநிலத்தில் இயங்குகிறதோ அங்கே அது இருக்கும். டெலவேரில் பதிவாகி டெக்சஸில் நடக்கும் எல்எல்சி என்றால் இரண்டு இடத்திலும் தேட வேண்டும்.

யூசிசி-1 பொதுவாக 5 ஆண்டு செல்லும். முடிவதற்கு முன் கடைசி 6 மாதத்துக்குள் நீட்டிக்கலாம். தேடலில் "கடனாளியின் எல்லாச் சொத்துகளும்" என்று ஒரு வரி கண்ணில் பட்டால், கிளினிக் தொடங்க வாங்கிய கடன் இன்னும் உயிரோடு இருக்கலாம் என்று பொருள். அப்போது விற்பவரின் வாய்ச்சொல் போதாது. கடன் கொடுத்தவரிடமிருந்து கடனை அடைப்பதற்கான பாக்கிக் கணக்குக் கடிதம் வேண்டும். அதில் இன்ன தேதிவரை இவ்வளவு பாக்கி, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு வட்டி, பணம் வந்ததும் வில்லங்கம் நீக்கப்படும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். வாங்குபவர் காசோலையை இரண்டாகப் பிரித்து, பாக்கித் தொகையை நேராக வங்கிக்கே அனுப்பிவிடுவது நல்லது. வங்கி முழுக் கடனையும் முடிக்காமல் இந்தச் சில பொருள்களை மட்டும் விடுவிக்கச் சம்மதித்தால், யூசிசி-3 படிவத்தில் அந்தப் பொருள்களைத் தொடர் எண்ணோடு பட்டியலிட்டு விடுவிக்க வேண்டும். கடன் முழுதும் தீர்ந்து, கடனாளி எழுத்தில் கேட்டால், 20 நாளுக்குள் வில்லங்கத்தை முடித்துத் தர வேண்டியது கடன் கொடுத்தவரின் கடமை.

குத்தகை தனிக் கதை. டிகம்ப்ரெஷன் மேசை (முதுகெலும்பை இழுத்துத் தளர்த்துவது), டிஜிட்டல் எக்ஸ்ரே பேனல் போன்ற விலையுயர்ந்த சாமான்களில் பல குத்தகையில் வந்தவை. கடைசியில் 1 டாலர் கொடுத்தால் சொந்தமாகும் குத்தகை உண்மையில் கடன்தான். காலம் முடிந்ததும் சந்தை விலை கொடுத்து வாங்கவேண்டிய குத்தகையில் பொருள் இன்னும் குத்தகை நிறுவனத்துடையது. அதை டாக்டர் விற்றால் தமக்கு உரிமை இல்லாததை விற்றதாகும். தவணை எல்லாம் கட்டிவிட்டேன் என்பார்கள். முன்னறிவிப்புக் கொடுக்காவிட்டால் தானாகவே நீளும் விதி பல குத்தகைகளில் உண்டு. கடைசித் தவணை ரசீதை நம்பாமல் உரிமை மாற்றக் கடிதத்தைக் கேளுங்கள்.

பொருளை எழுதும் விதம்

மேசையைப் பார்த்தே இராத ஒருவர், ஐந்தாண்டு கழித்து நான்கு மேசை கிடக்கும் அறையில் நுழைந்து, சீட்டை வைத்தே "இதுதான்" என்று தொட்டுக்காட்ட முடிந்தால் விவரிப்பு போதும். தயாரிப்பாளர், மாடல், தொடர் எண், தயாரித்த ஆண்டு, மின்னழுத்தம், மெத்தை நிறம். பிறகு அந்த மேசைக்கே உரிய விவரங்கள்: உயரம் கூட்டிக் குறைக்கும் மோட்டார் உண்டா, ஃப்ளெக்‌ஷன் அசைவு (மேசையின் கீழ்ப்பகுதி வளைந்து நிமிர்வது) கையாலா மோட்டாராலா, டிராப் (அழுத்தும்போது சற்றே கீழே விழும் மெத்தைப் பகுதி) எந்தெந்தப் பகுதியில் (கழுத்து, மார்பு, இடுப்பு, கூபகம்), கால் மிதி எத்தனை, கணுக்கால் தாங்கி, கைத்தாங்கி, பட்டைகள் எத்தனை.

தொடர் எண் தகடு வழக்கமாக அடிச்சட்டத்தில் இருக்கும். அழிந்துபோயிருந்தால் அதையும் சீட்டில் எழுதி, புதிதாக ஓர் அடையாள எண்ணைச் சட்டத்தில் பொறித்து, புகைப்படம் எடுத்து இணைத்துவிடலாம். எண்ணுக்கான இடத்தை வெறுமனே விட்டுவிடக் கூடாது.

குறைகளையும் குறித்து எழுதுங்கள். விற்பவருக்குத்தான் இது பாதுகாப்பு. "கூபக டிராப் இறுக்கத்தில் நிற்பதில்லை", "உயர்த்தும் உருளையில் எண்ணெய்க் கசிவு", "தலைப்பகுதி மெத்தையில் 2 அங்குலக் கிழிசல்". சோதிக்கும்போது மேசையில் ஆளைப் படுக்கவைத்துச் சோதிக்க வேண்டும். தேய்ந்த டிராப்கூட வெறும் மேசையில் அழகாக நிற்கும். 90 கிலோ ஆள் படுத்ததும் தானே விழுந்துவிடும். மோட்டாரும் அப்படித்தான், சுமை இல்லாமல் சத்தமின்றி ஏறும். ஒவ்வோர் அசைவையும் ஆளோடு வீடியோ எடுத்து, எடுத்த தேதியைச் சீட்டில் குறிப்பிட்டால் பின்னால் பேச்சு வளராது.

சில்லறைச் சாமான்களை மொத்தமாக எழுதலாம்: சூட்டு ஒத்தடத் தொட்டி ஒன்று, ஒத்தடப் பொதிகள் 12, ஸ்டூல் இரண்டு. இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

"உள்ளது உள்ளபடி" எதை மூடும், எதை மூடாது

இந்தச் சொற்றொடர் மறைமுக உத்தரவாதங்களை நீக்கும். பொருள் வணிகத் தரத்தோடு இருக்கும் என்ற உத்தரவாதம், அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்பவருக்குத்தான் பொருந்தும்; கிளினிக்கை மூடும் டாக்டருக்குப் பொதுவாகப் பொருந்தாது, பழைய சாமான் வியாபாரிக்குப் பொருந்தும். நீக்கும் வாசகம் மற்ற எழுத்தோடு கலந்து மறையாமல் தடித்த அல்லது பெரிய எழுத்தில் தனித்துத் தெரிய வேண்டும். வணிகத் தரம் என்பதற்கான ஆங்கிலச் சட்டச் சொல்லான "மெர்ச்சன்டபிலிட்டி" பெயரோடு வருவது பாதுகாப்பு.

ஆனால் விளம்பரத்தில் "புதிது போல ஓடுகிறது" என்று போட்டிருந்தால், அது நேரடி உத்தரவாதம் ஆகிவிடலாம். உள்ளது உள்ளபடி என்று எழுதியதால் மட்டும் அது மறையாது. அதனால்தான் "இந்தச் சீட்டில் உள்ளது மட்டுமே முழு ஒப்பந்தம்" என்ற விதியும் வேண்டும். உரிமை உத்தரவாதமும் இதில் அடங்காது. "பொருள் என்னுடையது, வில்லங்கம் இல்லை" என்ற பொறுப்பை நீக்க வேண்டுமானால் அதைக் குறித்தே தனியாக எழுத வேண்டும். அப்படி எழுதச் சொல்லும் விற்பவரிடம் வாங்காமல் இருப்பதே மேல். தெரிந்தே மறைத்த பழுதை எந்த வாசகமும் காப்பாற்றாது.

எல்லாருக்கும் விற்க முடியாதவை

சாதாரண மேசையைப் பொதுவாக யாருக்கும் விற்கலாம். அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக் கருவி, மின்தூண்டல் கருவி, சிகிச்சை லேசர் போன்றவற்றில் பல, உரிமம் பெற்ற மருத்துவத் தொழிலருக்கோ அவர் உத்தரவின் பேரிலோ மட்டும் விற்கலாம் என்ற மத்திய எச்சரிக்கை ஒட்டியவை. பின்பக்க லேபிளைப் படியுங்கள். அப்படிப்பட்ட கருவிக்கு வாங்குபவரின் தொழில் உரிம எண்ணையும் மாநிலத்தையும் சீட்டில் எழுதி, மாநில வாரியத்தின் இணையத் தேடலில் அது நடப்பில் இருப்பதைப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து இணைக்க வேண்டும். இணையச் சந்தையில் யாரோ ஒருவருக்குப் பெட்டி கட்டி அனுப்புவது இந்தக் கருவிகளுக்கு ஆகாது.

அல்ட்ராசவுண்ட் கருவி காட்டும் சக்தி அளவு, உண்மை அளவிலிருந்து கூடக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது மத்தியத் தரம். கடைசி அளவீட்டுச் சான்று இருந்தால் நகலைக் கொடுங்கள். இல்லையென்றால் "அளவீடு செய்யப்படவில்லை, பயன்படுத்தும்முன் செய்யவேண்டியது வாங்குபவர் பொறுப்பு" என்று எழுதுங்கள். மத்திய உணவு மருந்துத் துறையான எஃப்டிஏவின் திரும்பப்பெறுதல் பட்டியலில் மாடலைத் தேடிப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

எக்ஸ்ரேக்கு ஒரு வரி போதாது. குழாய் உறை, மின்னாக்கி, கட்டுப்பாட்டுப் பலகை, கோலிமேட்டர் (கதிர்க்கற்றையின் அகலத்தைக் குறுக்கும் பாகம்), டிஜிட்டல் பேனல் ஒவ்வொன்றுக்கும் தனித் தொடர் எண் உண்டு. எல்லாம் சீட்டில் ஏற வேண்டும். பதிவு கருவியோடு மாறாது. விற்பவர் தம் மாநிலக் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுத் துறைக்கு யாருக்கு, எப்போது விற்றோம் என்று எழுதி, தம் பதிவிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும். கெடு பல மாநிலங்களில் 15 அல்லது 30 நாள். எழுதாவிட்டால் கட்டணம் அவர் பெயருக்கே வந்துகொண்டிருக்கும். வாங்குபவர் தம் இடத்தில் புதிதாகப் பதிந்து, அந்த அறையின் சுவர்க் காப்பைத் தகுதியுள்ளவரைக் கொண்டு கணக்கிட வேண்டும். யார் கழற்றுவது, யார் மின்சாரத்தைத் துண்டிப்பது, சுவரில் திருகியதைக் கட்டட உரிமையாளர் தம்முடையது என்று கோருவாரா என்பதெல்லாம் சீட்டிலேயே முடிய வேண்டும். 1979-க்கு முன் செய்த மின்மாற்றியென்றால் எண்ணெயில் பிசிபி நஞ்சு இருக்கலாம்; அதை அகற்றும் செலவு கருவியின் விலையையே விழுங்கிவிடும்.

டிஜிட்டல் பேனலோடு வரும் கணினியில் நோயாளிகளின் படங்கள் இருக்கும். நோயாளித் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின் விதிப்படி, சாதனம் கைமாறும்முன் அந்தத் தகவலை அழிப்பது கிளினிக்கின் கடமை. 2013-இல் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனம், உள்ளிருந்த வன்தட்டுகளை அழிக்காமல் குத்தகை நகலெடுப்பு இயந்திரங்களைத் திருப்பிக் கொடுத்ததற்காக 12,15,780 டாலர் கட்டி அரசோடு சமரசம் செய்துகொண்டது. கோப்புகளை நீக்கிக் குப்பைத்தொட்டியைக் காலி செய்வது அழிப்பு ஆகாது. முறையாக அழித்து, தேதி, முறை, வட்டின் தொடர் எண் மூன்றும் கொண்ட சான்றை விற்பவர் தம் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு விற்பதும் உண்டு. அப்போது படம் எடுக்கும் மென்பொருளின் உரிமமும் வட்டோடு போய்விடும். அந்த உரிமம் மாற்றத்தக்கதா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்காமல் பேனலுக்கு விலை பேசாதீர்கள். நோயாளிக் கோப்புகள் சாமான் அல்ல. அவற்றை மாற்றுவது வேறு ஒப்பந்தம்.

விலையைப் பிரிப்பது

அந்த 18,000 டாலரை இப்படிப் பிரித்து எழுதலாம் என்று வைத்துக்கொள்வோம்: ஃப்ளெக்‌ஷன் மேசை 6,500, டிராப் மேசை 2,200, டிகம்ப்ரெஷன் மேசை 5,000, அல்ட்ராசவுண்ட்–மின்தூண்டல் கருவி 800, எக்ஸ்ரே 3,000, சில்லறை 500. ஏன் இந்த மெனக்கெடல்? வாங்குபவர் ஒவ்வொன்றுக்கும் தேய்மானம் எழுத இது வேண்டும். பழைய பொருளும், அவருக்குப் புதிதென்றால், விலையை வாங்கிய ஆண்டிலேயே கழிக்க விடும் பிரிவு 179 கழிவுக்குத் தகுதியானது. விற்பவருக்கு எதிர்ப்பக்கம். 12,000 டாலருக்கு வாங்கி முழுவதையும் ஏற்கெனவே கழித்துவிட்ட மேசை என்றால், இப்போது வரும் 6,500-உம் சாதாரண வருமானமாக வரி கட்டவேண்டிய தொகை. படிவம் 4797-இல் காட்ட வேண்டும். பழசு நஷ்டத்துக்குத்தானே போகிறது, வரி எங்கே என்று நினைப்பவர்கள் வரிக் கணக்குக் கொடுக்கும் ஏப்ரலில் திகைப்பார்கள். சாமான் மட்டுமல்லாமல் கிளினிக்கே கைமாறுகிறதென்றால் இருவரும் படிவம் 8594-இல் ஒரே மாதிரிப் பிரித்துக் காட்ட வேண்டும். வாங்குபவர் சாமானுக்கு அதிகம் போடச் சொல்வார், விற்பவர் கிளினிக்கின் நற்பெயருக்கு (குட்வில்). கையெழுத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில், விற்பனையைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர் 12 மாதத்தில் செய்யும் ஓரிரு விற்பனைகளுக்கு விலக்கு உண்டு. மேசைகளை மூன்று பேருக்குத் தனித்தனியே விற்றால் அந்த விலக்கு கையை விட்டுப் போகலாம். கிளினிக் தலையணையும் சத்து மாத்திரையும் விற்று விற்பனை வரிப் பதிவு வைத்திருந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். நியூயார்க்கில் மொத்தமாக வாங்குபவர், பணம் கொடுப்பதற்கோ பொருளை எடுப்பதற்கோ குறைந்தது 10 நாள் முன்பே வரித்துறைக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் விற்பவரின் பழைய வரி பாக்கி வாங்கியவர் தலையில் விழும்.

பணமும் லாரியும்

ரொக்கம் 10,000 டாலரைத் தாண்டினால், பணம் வாங்கிய 15 நாளுக்குள் விற்பவர் வரித்துறைக்குப் படிவம் 8300 அனுப்ப வேண்டும். வங்கிக் காசோலை கணக்கில் ஏறியது போலத் தெரிந்த பிறகும் போலி என்று திரும்பலாம். விலைக்கு மேல் காசோலை அனுப்பி, "மீதியை லாரிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்" என்பவர் மோசடிக்காரர்தான். வங்கி நேரடிப் பரிமாற்றம் வந்து சேர்ந்ததை, உங்களிடம் உள்ள எண்ணில் வங்கியைக் கூப்பிட்டு உறுதி செய்த பின்தான் கதவைத் திறக்க வேண்டும்.

தவணைக்கு விற்றால் சீட்டு மட்டும் போதாது. கடன் உறுதிப் பத்திரம், ஈட்டு ஒப்பந்தம் இரண்டும் எழுதி, பொருள் வாங்குபவர் கைக்குப் போன 20 நாளுக்குள் விற்பவரே யூசிசி-1 பதிய வேண்டும். அப்போதுதான் வாங்குபவரின் வங்கியைவிட முந்திய உரிமை விற்பவருக்குக் கிடைக்கும். 21-ஆம் நாள் பதிந்தால் வரிசையில் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

வழியில் உடைந்தால் யார் நஷ்டம் என்று எழுதாவிட்டால் சட்டமே தீர்மானித்துவிடும்: விற்பவர் வியாபாரி அல்ல என்றால், "வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பொருளை ஒப்படைக்கத் தயாராக வைத்த நேரத்திலிருந்தே நஷ்டப் பொறுப்பு வாங்குபவருடையது. லாரிக்காரர் தரும் சரக்குச் சீட்டு வேறு, விற்பனைச் சீட்டு வேறு. ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் கையெழுத்திடுபவர்கள் இருக்கிறார்கள். இறக்கும்போது பலகைக் கட்டைப் பிரித்து, மேசையைச் சுற்றிவந்து பார்த்து, உடைந்ததைச் சரக்குச் சீட்டிலேயே எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள். ஓட்டுநர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். கடைசித் தாள் ஒப்படைப்பு ரசீது: தேதி, நேரம், ஒவ்வொரு தொடர் எண்ணுக்கும் எதிரே ஒரு குறி, கால் மிதி, சாவி, கையேடு, மென்பொருள் டாங்கிள் (மென்பொருளைத் திறக்க கணினியில் செருகும் சாவி) வந்துசேர்ந்ததா என்ற குறிப்பு. டாங்கிள்தான் வழக்கமாக விற்பவரின் மேசை இழுப்பறையில் தங்கிவிடும்.